காருக்கு வந்த மாப்பிள்ளை

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று லிங்கநகரில் சொல்லிக்கொள்வார்கள். மூத்தவள் அக்கா. இளையது கார். இளையதற்குத்தான் செல்லம் அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் பெரியம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். காருக்கு இருமல் வந்தால் பெரியப்பா கந்தோருக்கு லீவு போட்டுவிடுவார்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன வருடம், கப்பலேறும் அவசரத்தில் இருந்த ஒரு துரையிடம் பெரியப்பா அந்தக் காரை வாங்கியிருந்தார். அப்போதே அது பழசு. அந்தத் துரைக்கு முன்னால் இன்னொரு துரை, அவருக்கு முன்னால் யாரோ ஒரு டொக்டர் என்று பல கை மாறி வந்தது. நீண்ட மூக்கும், ஏறி நிற்கப் பக்கத்தில் படியும், திரும்பும்போது கதவோரத்திலிருந்து கையைப்போல வெளியே நீண்டு திசை காட்டும் சிவப்புத் தகடும் அதற்கு இருந்தன. இடப்பக்கத்துக் கை வேலை செய்யாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பெரியம்மா தன் கையை வெளியே நீட்டுவார். வளையல் குலுங்குகிற சத்தத்தைக் கேட்டுச் சைக்கிள்காரர்கள் ஒதுங்குவார்கள்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. அதனால் நான் சாப்பிடுவதும் அடி வாங்குவதும் பெரும்பாலும் பெரியப்பா வீட்டில்தான். எனக்கு அப்போது எட்டு வயது. எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வருவதில்லை. காலைச் சாப்பாட்டுப் பாணுக்கே வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், பின்சில்லுகள் இரண்டையும் சுழற்றுகிற அச்சு முறிந்து கார் நடுத்தெருவில் நின்றது.

அந்தக் காருக்கு ஏற்ற அச்சு இலங்கையிலேயே இல்லை என்று ஆயிற்று. காரை வளவுக்குள் தள்ளிக்கொண்டு வந்து வேப்பமரத்தின் கீழ் விட்டார்கள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக் கோழி பின் இருக்கையில் முட்டையிடத் தொடங்கியது. பெரியப்பா காலையில் கந்தோருக்குப் புறப்படும்போது காரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

இந்தச் சமயத்தில்தான் மூதூரிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம். அவர்கள் இரண்டு விஷயம்தான் கேட்டார்கள். சீதனமாகக் காரைக் கொடுக்க வேண்டும், அது ஓட வேண்டும். அக்கா படிப்பிக்கிற வேலையை விட வேண்டும். அதாவது நின்றது ஓட வேண்டும், ஓடுகிறது நிற்க வேண்டும்.

அக்கா கிண்ணியாவில் ஒரு பெண்கள் பாடசாலையில் ரீச்சராக இருந்தாள். திங்கட்கிழமை விடிய பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வருவாள். இடைநாட்களில் கூடப் படிப்பிக்கும் ஒரு ரீச்சருடைய வீட்டில் தங்குவாள். வெள்ளிக்கிழமைகளில் செருப்பைக் கழற்றும் முன்னரே கதை தொடங்கிவிடும். கணக்கில் புலியான ஒரு பிள்ளை, எந்தக் கேள்வி கேட்டாலும் சிரிக்கிற ஒரு பிள்ளை, வாப்பாவிடம் சண்டை பிடித்து மறுபடி பள்ளிக்கு வந்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைகளை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் எல்லோரையும் எனக்குத் தெரியும். அக்காவுக்கு அந்த வேலை உயிர்.

சம்பந்தம் வந்த பிறகு அந்தக் கதைகள் நின்றுபோயின. 'உனக்கு விருப்பமா?' என்று அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் எங்கள் வளவுக்குள் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. இருபத்தைந்து வயதாகிவிட்டது, நல்ல இடம், கைநழுவ விடக்கூடாது என்று பெரியம்மா எல்லாக் கோவிலுக்கும் நேர்ந்துகொண்டார். பெரியப்பா மட்டும் நாளுக்கு நாள் வாடிப்போனார். சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் இருப்பார். வேப்பமரத்தடியில் போய் நின்று காரின் மூக்கைத் தடவுவார்.

"காரைக் குடுக்க மனம் வருகுதில்லை இந்த மனிசனுக்கு" என்றார் பெரியம்மா. நானும் அதை அப்படியே நம்பினேன்.

மனம் வந்ததோ இல்லையோ, காரை ஓட வைக்கிற முயற்சியில் பெரியப்பா இறங்கினார். துறைமுகப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் ஒருவர் இருந்தார். சொந்த ஊர் கிண்ணியா. ஏலாது என்ற சொல் அவர் வாயில் வராது. அதனால் அவரிடம் விட்ட வாகனங்கள் வேறு வேறு வாகனங்களாகத் திரும்பி வருவதும் உண்டு. மரத்தில் மோதிக் கிடந்த ஒரு வான் வண்டியின் பின் அச்சை அவர் எங்கிருந்தோ கழற்றிக்கொண்டு வந்தார். வான் புதுசு, அச்சும் நல்ல அச்சு. ஒரே ஒரு குறை. எங்கள் காரின் அச்சைவிட அது நீளம்.

"கொஞ்சம் அகலம் கூடத்தான் ஐயா" என்றார் நானா. "அதால என்ன? காலை அகட்டி ஊண்டி நிண்டா ஆராவது விழுவாங்களா?"

பெரியப்பா தலையைச் சாய்த்து யோசித்தார். "ஓம், அது நியாயமான கதைதான்" என்றார்.

இரண்டு பேரும் அந்த நியாயத்திலேயே மயங்கிப்போய், வெட்டி, ஒட்டி, துளை போட்டு, வானின் அச்சைக் காரின் அடியில் பூட்டிவிட்டார்கள். கார் வளவுக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் பின்னால் போய் நின்று பார்த்தோம். பின்சில்லுகள் இரண்டும் மட்காட்டுக்கு வெளியே வந்து நின்றன. முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்று, பந்தியில் சப்பாணி கட்டி உட்கார்ந்த ஒரு பெரிய மனிதரைப்போலக் கார் இருந்தது. கோழி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டது.

மற்றச் சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. முன்சில்லைப் பூட்டுகிற நட்டுகள் வேறு, பின்சில்லைப் பூட்டுகிற நட்டுகள் வேறு. ஆகவே மேலதிகச் சில்லு இரண்டு கொண்டுபோக வேண்டும். ஒன்று டிக்கிக்குள் போனது. மற்றதைப் பின்னால் காலடியில் போட்டு அதன்மேல் ஒரு தலையணையை வைத்தார்கள். அதுதான் என் ஆசனம். வேகம் காட்டுகிற முள்ளும் புது அச்சோடு ஒத்துப்போகவில்லை. அது நாற்பத்தைந்து மைல் காட்டும்போது மண்ணெண்ணெய் ரின் கட்டிய ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போவார். பெரியப்பா அந்தச் சைக்கிள்காரரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார். எல்லாவற்றையும்விட மோசம், சில்லு மட்காட்டுக்கு வெளியே இருந்ததால் தெருவிலுள்ள தண்ணீரெல்லாம் பக்கத்தில் போகிறவர்கள் மேலே போய் விழுந்தது. கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மாமிமார் எங்கள் வாசல்வரை வந்து ஏசிவிட்டுப் போனார்கள். ஆனாலும் கார் ஓடியது. சீதனத்துக்கு அது போதும் என்று பெரியம்மா சொன்னார்.

மூதூருக்குப் போய்ச் சம்பந்தம் பேசி முற்றாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. எப்படிப் போவது என்பதில் வீட்டில் பெரிய தர்க்கம். துறைமுகத்தில் லோஞ்சுப் படகில் ஏறினால் நேரே மூதூரில் இறங்கலாம். பெரியப்பாவுக்கும் அதுதான் விருப்பம். காரை வெயிலில் அவ்வளவு தூரம் விரட்டக்கூடாது என்றார். பெரியம்மாவோ, காரைக் கண்ணால் காட்டாமல் பேச்சு முற்றாகாது என்றார். தரைவழியாகப் போனால் கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். அங்கே அப்போது பாலம் இல்லை. பாதை என்றால் மேலே பலகை அடித்த ஒரு பெரிய மிதவை. வாகனங்களும் சனங்களும் ஏறியதும் பாதைக்காரர்கள் கயிற்றைப் பிடித்து அக்கரைக்கு இழுத்துப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த அக்கா தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "லோஞ்சிலையே போங்கோவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். போகிற வழியில்தான் அச்சு மாற்றிய காரை முதன்முதலாகப் பின்னாலிருந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து ஒரு நுனியை என்னிடம் தந்தாள்.

"இதை முன்சில்லிலை பிடி பிள்ளை. விடாதை."

மறுநுனியை மற்ற முன்சில்லில் பிடித்து அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு பின்னால் போனோம். பின்சில்லுகளுக்கு நடுவே கயிற்றை இழுத்தபோது முடிச்சு ஒரு சாண் குறைவாக நின்றது. அக்கா அந்தக் குறையைக் கையால் அளந்து பார்த்தாள். கணக்குப் படிப்பிக்கிறவள், ஏதாவது பாடத்துக்காக இருக்கும் என்று நான் நினைத்தேன். கயிற்றை முடிச்சோடேயே மறுபடி கட்டிவிட்டு உள்ளே வந்து, "காரிலையே போங்கோ அப்பா. நானும் கிண்ணியா மட்டும் வாறன், திங்கள் விடிய எழும்பி ஓடத் தேவையில்லை" என்றாள்.

மகளும் ஒத்துக்கொண்டதில் பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கொண்டுபோகிற அரியதரப் பலகாரத்துக்கு மாவிடிக்க ஆள் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏதோ அலுவலாக முதல்நாள் ரவுண் கடைத்தெருவுக்கு வந்தவர், எங்களோடு காரிலேயே மூதூர் திரும்புவதாக ஏற்பாடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, விரலில் கல்லு மோதிரம். அக்கா கிண்ணியாவில் இறங்கிவிட்டால் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுகிறவர்கள் மூன்று பேர் என்று பெரியம்மா கண்டுபிடித்தார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. எனவே நாலாவது ஆளாக என்னைக் குளிக்கவார்த்து, சட்டை மாற்றி, தலையணை போட்ட சில்லின்மேல் இருத்தினார்கள். வாழ்க்கையில் நான் இன்றியமையாதவளாக இருந்த முதல் நாள் அதுதான்.

மாமன் முன்னால் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கார் ஏற்கெனவே தங்களுடையது என்பதுபோல வழி நெடுகக் கட்டளை போட்டுக்கொண்டு வந்தார். "மெல்லப் பிறேக் பிடியுங்கோ, தேஞ்சு போகும்." "ஹோனை வீணாக அடியாதையுங்கோ." முள்ளு ஐம்பதைக் காட்டியபோது பயந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் ஒரு மாட்டுவண்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை எங்களால் முந்த முடியவில்லை. அக்கா சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அவளுடைய கை வேர்த்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கையால் என் கையைப் பிடித்திருந்தாள்.

பாதையடியில் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் கொஞ்சச் சனமும் வந்து நின்றன. பாதை கரையை ஒட்டி நின்றது. வயதான பாதைக்காரர் ஒருவர் காரைச் சுற்றி வராமல் முன்னாலேயே நின்று பார்த்தார்.

"டிரைவர் மட்டும் இருங்க. மத்த எல்லாரும் இறங்குங்க" என்றார்.

கரையிலிருந்து மிதவைக்கு இரண்டு தடித்த பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல்தான் வாகனத்தை ஏற்றுவார்கள். வாகனத்துக்கு வாகனம் அகலம் மாறும். அதனால் பாதைக்காரர் முன்சில்லு இரண்டையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுப் பலகைகளைக் காலால் தட்டி இடம் சரிபண்ணுவார். அங்கே அதுதான் முறை. முன்சில்லு போன வழியிலேயே பின்சில்லும் வரும் என்பது உலகத்திலுள்ள வாகனங்களுக்கெல்லாம் பொதுவான சட்டம். எங்கள் காரைத் தவிர. வாராவாரம் அந்தக் கரையில் நின்று பலகை போடுவதைப் பார்த்த ஒருத்திக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் எடுத்தது.

அக்கா பலகாரப் பெட்டியை இறக்கிப் பெரியம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

"மெல்ல ஏத்துங்கோ அப்பா" என்றாள்.

தாய்மாமன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கரையோரத்தில், காரின் பின்பக்கமாகப் போய் நின்றார். கையை வீசி வழிகாட்டத் தொடங்கினார். "வரட்டும், வரட்டும், நேரே வரட்டும்!" முன்சில்லுகள் பலகையில் அழகாக ஏறி மிதவையில் இறங்கின. மாமன் தன் திறமையில் மகிழ்ந்து இன்னும் உரக்க, "விடுங்கோ, விடுங்கோ!" என்றார். பின்சில்லுகள் வந்து பலகைகளின் வெளி ஓரத்தில் மிதித்தன. இரண்டு பலகைகளும் ஒரே நேரத்தில் சரிந்து புரண்டன. கார் 'தொம்' என்று பின்பக்கத்தால் தண்ணீரில் உட்கார்ந்தது. முன்பாதி மிதவையில், பின்பாதி கிண்ணியாத் துறையில், மூக்கு ஆகாயத்தைப் பார்த்தபடி.

பெரியம்மா, "ஐயோ!" என்றார். பெரியப்பா பயத்திலோ பழக்கத்திலோ காலை அழுத்திவிட்டார். மட்காட்டுக்கு வெளியே இருந்த சில்லுகள் சேற்றுக்குள் வேகமாகச் சுழன்றன. கோவிலுக்குப் போன மாமிமாருக்குக் கிடைத்ததெல்லாம் இதற்கு முன்னால் வெறும் தூறல். எஞ்சின் நின்றபோது, கை வீசிய நிலையிலேயே, கண் இரண்டும் மட்டும் தெரிய, கறுப்பாக ஒருவர் நின்றிருந்தார். பஸ்ஸிலிருந்த சனம் முழுவதும் சாளரங்களால் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு குழந்தை சிரித்தது. அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

மாமன் முகத்தை வழித்தெறிந்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்.

"உந்தக் கிழட்டுச் சாமானைக் காட்டவோ எங்களைக் கூப்பிட்டனீங்கள்? பொம்பிளைக்கும் வயசு போட்டுது. உத்தியோகம், உத்தியோகம் எண்டு ஊர் ஊராத் திரிஞ்ச பிள்ளை. நிறமும் அப்பிடி இப்பிடித்தான். சரி, போகட்டும், கார் ஒண்டு வருகுதெண்டுதான் நாங்கள் ஓமெண்டனாங்கள். இப்ப காரும் இந்த லட்சணம்! முன்னுக்கும் பின்னுக்கும் பொருத்தமில்லை!"

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா கதவைத் திறந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். எங்கள் பெரியப்பா உரத்துப் பேசி நான் கேட்டதேயில்லை. அன்றைக்கும் அவர் உரத்துப் பேசவில்லை.

"என்ர காரைப் பற்றி இனி ஒரு சொல்லுக் கதையாதையுங்கோ" என்றார். "பழசெண்டால் பழசுதான். அகலமெண்டால் அகலம்தான். உங்களுக்கு ஏற்ற மாதிரி வெட்டிக் குறைச்சுத் தர என்னாலை ஏலாது. அது என்ர வளவிலை நிக்கட்டும். நீங்கள் போயிட்டு வாங்கோ."

"யோசிச்சுத்தான் கதைக்கிறியளோ?"

"ஓம். கனநாளா யோசிச்சனான்."

பெரியம்மா பலகாரப் பெட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். மாமன் வேட்டியைப் பிழிந்தபடி அடுத்த தோணியில் ஏறி அக்கரைக்குப் போனார். மூதூர் போய்ச் சேர அவருக்கு இன்னும் பல பாதைகள் இருந்தன. போகும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வந்தவர்களும் பாதைக்காரர்களும் சேர்ந்து, ஏலேலோ போட்டு, காரைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். அக்கா பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் அரியதரமும் பயற்றம் பணியாரமும் கொடுத்தாள். மூதூருக்கென்று செய்த பலகாரம் முழுவதும் அந்தக் கரையிலேயே முடிந்தது. வயதான பாதைக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு, அப்போதுதான் முதன்முறையாகக் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இத ஆரு பூட்டினது?" என்று கேட்டார். பெரியப்பா நானாவின் பெயரைச் சொன்னதும், "எங்கட ஊராள்தான்" என்று பெருமையோடு தலையாட்டிவிட்டு இரண்டாவது அரியதரத்தை எடுத்தார்.

அக்கா அன்று கிண்ணியாவுக்குப் போகவில்லை. "நாளைக்கு விடிய பஸ்ஸிலை போறன் அப்பா" என்றாள்.

"ஓம், போ. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தாதை" என்றார் பெரியப்பா.

திரும்பி வரும்போது முன்னால் பெரியம்மா இருந்தார். மகளைச் சொன்னபோது மரம்போல நின்ற மனிசன், காரைச் சொன்னவுடன் பொங்கிவிட்டாரே என்று குமுறிக்கொண்டே வந்தார். அந்தக் குமுறல் பிறகு வருடக்கணக்காக நடந்தது. கொடிக்கயிற்றில் அக்கா போட்ட முடிச்சும் அவ்வளவு காலம் இருந்தது. பெரியம்மா அதில் பெரியப்பாவின் சட்டையைக் கொழுவிவிட்டு, அந்தப் பக்கமே பார்த்து அவரை ஏசுவார். பெரியப்பா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

அன்று காரில் எனக்கும் பெரியம்மா சொன்னது சரியாகத்தான் பட்டது. நான் சில்லின்மேல் இருந்து நிமிர்ந்து பார்த்தபோது, அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். கலியாணம் குழம்பினால் பெண்பிள்ளைகள் அழுவார்கள், அது வழமைதானே என்று நான் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குக் கார்மீதுதான் இரக்கமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அதைக் கிழட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டார்களே. அக்காவை விட்டுவிட்டுத் திரும்பி, சேறு பட்ட கதவை மெல்லத் தடவிக் கொடுத்தேன்.

"நீ நல்ல பிள்ளை" என்று அதனிடம் சொன்னேன்.

பெரியப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. தெருவைப் பார்த்தபடியே, "ஓம், நல்ல பிள்ளை" என்றார். "அதைப்போல ஒரு பிள்ளை எங்கையும் கிடையாது."

நான் காரைத் தடவுவதை நிறுத்தவில்லை. அதைக் கேட்டதும் அக்கா ஏன் இன்னும் பெரிதாக அழத் தொடங்கினாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.